குளியலறை டார்க்ரூம்: தண்ணீர்ச் சூட்டுக்கும் சிவப்பு பல்புக்கும் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மாடிக் குளியலறையில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவி, சின்ன பிரிண்ட்டும் போடுகிறேன். பெரும்பாலும் வீட்டுச் சாமான்கள்தான். பிளாஸ்டிக் ட்ரே மூன்று (திரும்பச் சமையலறைக்குப் போகாதபடி மார்க்கரில் எழுதிவிட்டேன்), ஸ்டாப் பாத்துக்கு (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசல்) தண்ணீர் கலந்த வினிகர், நெகடிவ் தொங்கவிடத் துணிக் கிளிப். இதெல்லாம் சரியாகவே இருக்கிறது.

சிக்கல் சூடுதான். எச்பி5 பிலிமுக்கு டி-76 டெவலப்பரை (பிலிமில் படத்தைத் தெரியவைக்கும் ரசாயனம்) சம அளவு தண்ணீரில் கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம். எங்கள் தொட்டித் தண்ணீரோ 32 டிகிரி! மீன் வாங்கிய தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, பிலிமும் டெவலப்பரும் இருக்கும் மூடிய டேங்கை அதில் நிறுத்துகிறேன். ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை டெவலப்பர் கலங்குவதற்காக டேங்கை வெளியே எடுத்துக் கவிழ்ப்பதால், முடிவதற்குள் டெவலப்பர் 23-ஐத் தொட்டுவிடுகிறது. பேசாமல் 24-இலேயே வைத்து, நேரத்தை 8 நிமிடம் ஆக்கலாமா? அப்படிச் செய்தவர்களுக்கு கிரெயின் (படத்தில் தெரியும் புள்ளிகள்) கூடியதா?

அப்புறம், பிரிண்ட் போடும்போது வெளிச்சத்துக்கு, பூஜை அறையின் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. அந்த வெளிச்சத்தில் போட்டோ பேப்பர் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை 5 நிமிடம் வைத்துக் கழுவிப் பார்த்தேன். நாணயம் இருந்த இடம் வெள்ளை வட்டம், சுற்றிலும் லேசான சாம்பல். பல்பு வெளிச்சமே பேப்பரைக் கறுக்க வைக்கிறது, அது ஆகாது என்று புரிந்துவிட்டது. சிவப்பு எல்இடி பல்பு பயன்படுத்துபவர்கள் எத்தனை அடி தள்ளி வைக்கிறீர்கள்?

அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண ரோல் இன்னும் கழுவாமல் இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.