சொரியாசிஸ் என்ற தோல் நோயோடு வாழ்கிறவர்களே, உங்கள் மனதைத் தாங்கிப் பிடித்தது எது?

மதுரை உறுப்பினர்:
எனக்குத் தலையிலும் முழங்கையிலும் உண்டு. அரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், சலூனுக்குப் போவதுதான் கொடுமை. துணியைப் போர்த்தும்போதே "ஒட்டுவாரொட்டியாண்ணே?" என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து வீட்டிலேயே முடி வெட்டிக்கொண்டேன். விசேஷங்களுக்குப் போவதும் நின்றுபோனது. பார்த்த டாக்டர்கள் "டென்ஷன் ஆகாதீங்க" என்பதோடு சரி. என் டென்ஷனே இந்தப் படைதானே!

அப்புறம் ஒரு தோல் மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்தார். தோல் நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் டி.எல்.க்யூ.ஐ. என்ற படிவம், 1994-இல் வெளியானது. 10 கேள்விகள். போன வாரம் தோலால் கூச்சப்பட்டீர்களா, உடுத்தும் துணியை மாற்றினீர்களா, தாம்பத்தியத்தில் சிக்கலா என்றெல்லாம் கேட்கும். மொத்தம் 30 மதிப்பெண். 10-ஐத் தாண்டினால் பாதிப்பு மிக அதிகம். உடம்பில் படை கொஞ்சமாக இருந்தும் நான் அதைத் தாண்டியிருந்தேன். களிம்போடு மனநல ஆலோசகருக்கும் சீட்டு எழுதித் தந்தார். எல்லாத் தோல் மருத்துவர்களும் இதைக் கேட்க வேண்டும் என்பேன்.

ஆலோசகர் தைரியமாக இருங்கள் என்று சொல்லவில்லை. யாராவது கேட்டால் சொல்ல ஒரே ஒரு பதிலைப் பழக்கினார்: "இது ஒட்டாது, எதிர்ப்புச் சக்தியில் வரும் கோளாறு." முதலில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் சலூனுக்குப் போகச் சொன்னார். பழகிய பிறகு ஞாயிற்றுக்கிழமை. இப்போது போகிறேன். படை இன்னும் இருக்கிறது.

சேலம் உறுப்பினர்:
அண்ணா, எங்கள் வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி சோப்பு. ஆலோசனைக்கு அத்தையையும் அழைத்து வரச் சொன்னார்கள். சாதாரணமாக ஒரு மாதத்தில் புதுப்பிக்கும் தோல், இதில் சில நாட்களிலேயே வளர்ந்து செதிலாக உதிர்கிறது, தொட்டால் பரவாது என்று விளக்கினார்கள். நான் எத்தனையோ முறை சொன்னதுதான். டாக்டர் வாயிலிருந்து வந்ததும் நம்பினார். அன்று ராத்திரியே தட்டு மாறியது. சோப்பு மட்டும் இன்னும் தனிதான். குடும்பத்தை உட்காரவைத்துப் பேசாத சிகிச்சை பாதி சிகிச்சைதான் அண்ணா.

திருநெல்வேலி உறுப்பினர்:
தூக்கமே இல்லாமல், செத்துப்போகலாமா என்று தோன்றிய ஒரு இரவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைத்தேன். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசினார்கள். அப்படித் தோன்றினால் தயவுசெய்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். இன்னொன்று: மனநல மருத்துவரிடம் சொரியாசிஸ் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனநலச் சிகிச்சையில் தரும் லித்தியம் மாத்திரை சிலருக்குப் படையை அதிகமாக்கும். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல், அவரிடமே கேளுங்கள்.