பிள்ளையார் படத்தாலை பிரச்சினை, நாளைக்கு வீட்டுக்காரர் வாறார். என்ன சொல்லுறது?

தண்ணீரூற்றான்:
வணக்கம், அவசரமாய் எழுதுறன். வந்து ஏழு கிழமை. அம்மா தந்துவிட்ட பிள்ளையார் படத்தைக் கதவிலை ஒட்டியிருந்தனான். கீழை சிவப்பிலை ஒரு ஸ்வஸ்திகா, நாலு புள்ளியோடை. கீழ்வீட்டு மனிசி கண்டிட்டு முகம் வெளிறி இறங்கிப் போட்டுது. இண்டைக்குக் கதவடியிலை ஒரு கடிதம். நாளைக்குக் காலமை பத்து மணிக்கு வீட்டுக்காரர் வாறாராம், அவ்வளவுதான் விளங்குது. ஆள் நல்லவர். போன கிழமை, நீங்கள் மாட்டைத்தானே கும்பிடுறனீங்கள், எத்தனை லட்சம் கடவுள் எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டவர். பாசை வராது, நானும் சிரிச்சிட்டு விட்டிட்டன். வீட்டாலை எழுப்பிப் போடுவினமோ?

மாங்குளத்தார்:
தம்பி, நான் 1991இலை சுவிசுக்குப் போகேக்கை ஒரு அறையிலை ஆறு பேர். பொலிஸ்காரன் என்ரை விபூதி டப்பாவைத் திறந்து மணந்து பார்த்து, விரலிலை தொட்டு, மற்றவனைக் கூப்பிட்டான். போதைத் தூள் எண்டு நினைச்சிட்டான். சாணியைச் சுட்ட சாம்பல் எண்டு சொல்ல எனக்குப் பாசை இல்லை. இருந்திருந்தால் இன்னும் மோசமாய்ப் போயிருக்கும். நீ படத்தைக் கழட்டிப் பெட்டிக்குள்ளை வை, வாயைத் திறவாதை. நான் இப்ப ஊரிலை நிம்மதியாய் இருக்கிறன், கட்டுற வீடுதான் முடியுதில்லை.

வாவெட்டியான்:
கழட்டாதை! கழட்டினால் பிழை விட்டனெண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. எங்கடை வலப்பக்கம் சுத்தும், ஹிட்லரின்ரை இடப்பக்கம். அதைச் சொல்லு, விளங்கிக்கொள்ளுவினம்.

ஒட்டுசுட்டான் பெடியன்:
வெள்ளைக்காரன் தெரியாமல் கேக்கிறான், விடுங்கோ. எங்கடை ஆக்களை என்ன செய்யிறது? லண்டனிலை என்ரை மச்சாள் சபைக்குப் போகத் துவங்கினாப் பிறகு எங்கடை வீட்டுப் பொங்கல் தொடமாட்டாள், பேய்க்குப் படைச்சதாம். 2009இலை முகாமிலை தண்ணி வரிசையிலை நிக்கேக்கை ஒருத்தர் வந்து என்ரை அம்மாவிட்டைக் கேட்டவர், நீங்கள் கும்பிட்ட கல்லு காப்பாத்தினதோ எண்டு. அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையின்ரை கடைசிக்குப் போட்டா.

மடு அக்கா:
எல்லா வேதக்காரரையும், கிறிஸ்தவ ஆக்களையும் ஒரு சாக்கிலை போடாதையும் தம்பி. மடு மாதா திருவிழாவுக்குச் சைவ ஆக்கள் எத்தினை பேர் வண்டில் கட்டி வந்தவை? என்ரை அம்மா வருசம் தவறாமல் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு அரிசி குடுத்துவிடுவா. நாங்களும் விபூதிப் புதனிலை நெத்தியிலை சாம்பல் பூசுறம். சொல்லப்போனால் வேதக்காரர் வீட்டிலை தேத்தண்ணி குடிக்காத சைவக்காரரும் எங்கடை ஒழுங்கையிலை இருந்தவை. அது கிடக்கட்டும். தண்ணீரூற்றான், நீர் எந்த நாடு? ஆரும் கேக்கேல்லை.

தண்ணீரூற்றான்:
ஜெர்மனி அக்கா. சொல்லேல்லையோ? கடிதத்தைப் படமெடுத்துப் போட்டிருக்கிறன்.

கனகராயன்:
ஜெர்மனியோ! 22 வருசமாய் இஞ்சை இருக்கிறன், நாளைக்குத் தேவையானதை மட்டும் சொல்லுறன். முதலிலை, அந்த வலம் இடம் கதையைச் சொல்லிப்போடாதையும். ஹிட்லரின்ரை நாசிக் கொடியிலை இருந்ததும் வலப்பக்கந்தான். வித்தியாசம், அது வெள்ளை வட்டத்துக்குள்ளை 45 பாகை சரிஞ்சு கறுப்பாய் நிக்கும். உம்மடது நேராய் இருக்கும், புள்ளி இருக்கும். அவையின்ரை பேர் ஹாக்கன்குறொய்ஸ், கொளுக்கிச் சிலுவை. கடிதத்திலையும் அந்தச் சொல்லுத்தான் கிடக்கு. நீர் ஸ்வஸ்திகா எண்டே சொல்லும்.

இஞ்சத்தைக் குற்றவியல் சட்டத்திலை 86a எண்டு ஒரு பிரிவு. தடைசெய்த இயக்கங்களின்ரை சின்னத்தைப் பொதுவிலை காட்டக்கூடாது. உம்மடை அறைக்குள்ளை சாமிப்படம் வைச்சிருக்கிறது அதுக்குள்ளை வராது. ஆனால் கதவின்ரை வெளிப்பக்கத்திலை எல்லோ ஒட்டியிருக்கிறீர்? படியாலை ஏறுற எல்லாரும் பாக்கிறது. உள்ளுக்கு எடும். பயத்திலை எடுக்கிறதெண்டு இல்லை, அந்த மனிசியின்ரை குடும்பத்திலை என்ன நடந்ததெண்டு உமக்குத் தெரியாது. 2007இலை ஜெர்மனி இந்தச் சின்னத்தை ஐரோப்பா முழுக்கத் தடைசெய்யப் பாத்தது. இந்துக்கள் எதிர்த்தாப் பிறகு அந்தக் கதை கைவிடுபட்டுது. அதையும் சொல்லலாம், ஆனால் சண்டைக்குப் போற மாதிரி இல்லை.

போனிலை இஞ்சை ஹம் நகரத்திலை இருக்கிற காமாட்சி அம்பாள் கோயிலைக் காட்டும். 2002இலை திறந்தது, தேருக்கு வெள்ளையளும் வாறவை. மாட்டுக் கேள்விக்கு, பால் தாற சீவன், மதிக்கிறம் எண்டு சொன்னால் காணும். முப்பத்து முக்கோடியை எண்ணத் துவங்காதையும். ஒரு கடவுளுக்குப் பல பேர் எண்டு விட்டிடும்.

வாயாலை எழும்பச் சொன்னால் செல்லாது, எழுத்திலை தரவேணும். நீரும் ஒண்டிலையும் கையெழுத்து வைக்காதையும்.

இன்னுமொண்டு. கடிதத்திலை ரெண்டாவது பந்தியை நீர் சொல்லவே இல்லை. புகை அலாரம் ரெண்டுதரம் காலமை ஐஞ்சரைக்கு அடிச்சதாம். ஸ்வஸ்திகாவுக்கு ரெண்டு வரி, அலாரத்துக்கு ஏழு வரி!

தண்ணீரூற்றான்:
அது வெள்ளிக்கிழமை சாம்பிராணி அண்ணை. அலாரம் பக்கத்து வீட்டிலை எண்டு நினைச்சன்.

மாங்குளத்தார்:
நான் அப்பவே சொன்னனான், பெட்டிக்குள்ளை வை எண்டு.

கனகராயன்:
கீழ்வீட்டு மனிசிக்கு ஒரு கேக் வாங்கிக்கொண்டு போய் அலாரத்துக்கு மன்னிப்புக் கேளும். படத்தை வேணுமெண்டால் அவவாய்க் கேக்கட்டும், அப்ப காட்டும்.

தண்ணீரூற்றான்:
சரி அண்ணை. யன்னலைத் திறந்து வைச்சால் சாம்பிராணி போடலாமோ?

மடு அக்கா:
ஊதுபத்தி ஒண்டு. அதுவும் எட்டு மணிக்குப் பிறகு.