காட்டு அத்தியை எடுத்துவிட்டு சில்வர் ஓக் வைக்கலாமா? (ஏற்காடு)

மலைத்தோட்டம்:
அப்பாவுக்குப் பிறகு ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தை நான்தான் பார்க்கிறேன். ஓடையோரம் ஒரு பெரிய காட்டு அத்தி, பக்கத்தில் பலா, நாவல். மர வியாபாரி வந்து பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எடுத்துட்டு சில்வர் ஓக் வைங்க, மிளகு ஏத்தலாம், மரமும் காசாகும்" என்கிறார். மகளுக்குப் பள்ளியில் மழைக்காடு பாடம் நடக்கிறது. "அமேசான்ல வெட்டினா தப்பு, இங்க வெட்டினா சரியாப்பா?" என்கிறாள். என்ன சொல்வது?

கவாத்துக் கத்தி:
வெட்டாதீர்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை மழைக்காடு இல்லைதான். ஆண்டுக்கு 2000 மி.மீ.க்கு மேல், அதுவும் வருடம் முழுக்கப் பரவலாகப் பெய்தால்தான் அந்தக் காடு. நமக்குப் பங்குனியிலேயே ஓடை வற்றிவிடும். ஆனால் நீங்கள் வளர்ப்பது காட்டுச் செடி. அராபிகா காப்பி, எத்தியோப்பிய மலைக்காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்ந்தது. காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த 1820களில் இந்த மலைக்கு வந்தது. மேலே ஒரு கூரை இருந்தால்தான் அதற்கு நிம்மதி.

அப்புறம் மண். மழைக்காடு அவ்வளவு பசுமையாக இருந்தாலும் பெரும்பாலும் அடியில் சத்தில்லாத மண்தான். சத்தெல்லாம் மரத்திலும் உதிர்ந்த இலையிலும் இருக்கிறது. இலை விழுந்ததும் பூஞ்சையும் கரையானும் மக்கவைக்கும், மேலாக ஓடும் வேர் உடனே இழுத்துக்கொள்ளும். மரம் போனால் மீதியை மழை கழுவிக்கொண்டு போய்விடும். அமேசானில் காட்டை எரித்துப் பயிர் வைத்த நிலம் சில வருடங்களிலேயே விளைச்சல் குறைந்து போவது இதனால்தான். நம் சரிவிலும் மேல்மண் போனால் போனதுதான்.

காப்பியைப் பூக்க வைக்கும் கோடை மழைக்கு (பூ மழை) முன்னால் அந்த அத்தி அடியில் சருகைக் காலால் தள்ளிப் பாருங்கள். கறுப்பு மண், விரல் வைத்தால் ஈரம், சருகுக்கு நடுவே வெள்ளை நூல் போலப் பூஞ்சை ஓடியிருக்கும். சில்வர் ஓக் அடியில் இலை மொறமொறவென்று அப்படியே கிடக்கும், சீக்கிரம் மக்காது.

குக்குறுவான்:
பறவை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று. அத்தி மரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் பழுப்பதில்லை. மற்ற மரங்களில் பழம் இல்லாத மாதத்திலும் எங்காவது ஓர் அத்தி பழுத்திருக்கும். வால்பாறைப் பக்கம் இருவாச்சி அதை நம்பித்தான் இருக்கிறது. ஏற்காட்டில் குக்குறுவான், பச்சைப்புறா, சின்னான். பறவைகள் தின்று போடும் விதைதான் தானாக முளைக்கும் நாவலும் ஆலும். வெட்டினால் அந்த மரத்தோடு அடுத்து முளைக்க வேண்டியதும் போகிறது.

மிளகுக்காரர்:
தோட்டக்காரனுக்குக் காசும் வேண்டுமே. என் தோட்டத்தில் பாதிக்கு மேல் சில்வர் ஓக்தான், மிளகு நன்றாக ஏறுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓடையோரத்தை நானும் தொடவில்லை. வெற்றிடம் இருந்தால் கல்யாண முருங்கை வையுங்கள், மண்ணில் தழைச்சத்து சேரும், மிளகும் ஏறும். பலாவிலும் ஏற்றலாம். எதை வெட்டுவதானாலும் முதலில் வனத்துறையில் கேளுங்கள், மலைப்பகுதியில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1955ஆம் வருடச் சட்டம் இருக்கிறது.

மலைத்தோட்டம்:
நன்றி. வியாபாரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பலாவில் மிளகு ஏற்ற எந்த மாதம் கொடி நட வேண்டும்?

மிளகுக்காரர்:
ஆனி, ஆடியில் மழை பிடித்ததும். தண்டை ஒட்டி நடாதீர்கள், ஓர் அடி தள்ளி, வடக்குப் பக்கமாக.