புதுப்பிப்பு: பழைய பொலிரோவில் டிரெய்லர் கொக்கி

மேலூர்த் தோட்டத்திலிருந்து மதுரைக்குத் தேங்காய் ஏற்றிவரும் சிறு டிரெய்லருக்காக, என் 2008ஆம் ஆண்டுப் பொலிரோவில் கொக்கியைப் பற்றவைப்பதா, போல்ட் போட்டு இறுக்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். போல்ட்டே நல்லது என்று பலர் எச்சரித்தும், பட்டறையில் சொன்னதை நம்பிப் பற்றவைத்தேன். மூன்றாம் மாதமே பற்றவைப்பின் ஓரத்தில் மயிரிழை விரிசல் கண்டது. சூடேறித் தன்மை மாறிய அந்த ஓரத்தில்தான், வண்டி குலுங்கும்போதெல்லாம் இழுவிசை மாறி மாறி விழுகிறது.

இப்போது வேறொரு பட்டறையில் அந்தக் கொக்கியை அறுத்தெடுத்து, துருவைச் சுரண்டி, வளைவிசை மிகுதியாக விழும் மேல்கீழ் விளிம்புகளைத் தொடாமல் சேஸிஸின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) பக்கச்சுவரில் மட்டும் துளையிட்டு, உட்புறம் தடித்த தகடு வைத்து, 10.9 தர (உயர் வலிமை) போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கியிருக்கிறோம். துளைகளின் உள்விளிம்பிலும் துருத்தடுப்புப் பூச்சைத் தடவச் சொன்னேன். பழைய வண்டிக்கு இது மிக அவசியம்.

டிரெய்லரின் பின்விளக்குகள் மங்கலாக எரிந்ததற்குக் காரணம் எர்த் இணைப்பு சரியாக இல்லாததுதான். தனி ஒயர் இழுத்ததும் சரியாயிற்று. சுமையைச் சக்கர அச்சுக்குச் சற்று முன்பக்கமாக அடுக்கத் தொடங்கிய பின், நான்குவழிச் சாலையில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடுவதும் நின்றது. 500 கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை மீண்டும் சோதித்தேன், எதுவும் தளரவில்லை.