போர்ச்சுகலின் எவோரா நகரில் கண்டதும் உண்டதும்: மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கொத்தமல்லிக்கட்டு
அசோர்டா என்ற ரொட்டி சூப்தான். பூண்டு-கொத்தமல்லி விழுதின் மேல் கொதிநீர் விழுந்த நொடியில் எழும்பும் அந்த வாசனை! நம் மூக்குக்குப் பழகியதுதான், ஆனால் ஆலிவ் எண்ணெயோடு சேரும்போது வேறு ஆளாகிவிடுகிறது. நான்கு பேருக்கு: பூண்டு 4 பல், கல் உப்பு, ஒரு கட்டு கொத்தமல்லி. மூன்றையும் உரலில் இடித்து, ஆழமான பாத்திரத்தில் போட்டு, ஆலிவ் எண்ணெய் 6 மேசைக்கரண்டி ஊற்றவும். ஒன்றரை லிட்டர் நீரில் முட்டைகளை உடைத்து ஊற்றி வேகவைத்து எடுத்துக்கொண்டு, அதே நீரைக் கொதிக்கக் கொதிக்க விழுதில் ஊற்றவும். ரொட்டி கடைசியில்தான். முந்தின நாள் சுட்ட, தோல் தடித்த அலென்தேஜு (எவோரா இருக்கும் வட்டாரம்) ரொட்டியாக இருக்க வேண்டும். புது ரொட்டி போட்டால் உடனே கூழ். பழைய ரொட்டியும் சில நிமிடம்தான் தாங்கும், வந்தவுடன் சாப்பிடுங்கள்.

தெற்குவாசல்
வெறும் தண்ணீர் என்று மேலே எழுதியிருப்பதை ஏற்க மாட்டேன். பல சமையலறைகளில் உப்பிட்ட காட் மீன் வெந்த நீரைத்தான் ஊற்றுகிறார்கள். சைவம் சாப்பிடுவோர் "முட்டை வேண்டாம்" என்று மட்டும் சொல்லி ஏமாறக் கூடாது. நீர் எதில் வெந்தது என்று கேளுங்கள். மீகஷ் இன்னும் மோசம்: பார்வைக்கு ரொட்டி உப்புமா, அடியில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்ததும் மேசைக்கு வரும் ரொட்டி, ஆலிவ், ஆட்டுப்பால் சீஸ் எதுவும் இலவசம் இல்லை. தொடாவிட்டால் காசு இல்லை. வேண்டாம் என்றால் எடுத்துப்போய்விடுவார்கள். ஆனால் எவோரா சீஸைத் திருப்பி அனுப்பாதீர்கள், சிறியது, கெட்டி, உப்பும் காரமும் உள்ளது. "மேயா டோஸ்" என்று கேட்டால் பாதி அளவு. பல இடங்களில் ஒருவருக்கு அதுவே தாராளம்.

கற்தூண்
எல்லாரும் சாப்பாட்டிலேயே நிற்கிறீர்கள். ரோமானியக் கோயிலுக்கு டயானா தேவதையின் பெயரைச் சொல்லும் வழிகாட்டிகளை நம்ப வேண்டாம், அது பிற்காலக் கதை. பேரரசர் வழிபாட்டுக்காகக் கட்டியது என்பதே ஆய்வாளர் கருத்து. தூணின் உடல் கருங்கல், தலையும் அடியும் எஷ்ட்ரமோஷ் ஊர்ப் பளிங்கு. இத்தனை தூண்கள் நிற்பதற்குக் காரணம், இடைக்காலத்தில் தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பியதுதான். 1836 வரை அங்கே இறைச்சி வெட்டினார்கள்.

எலும்புக் கோயிலுக்கு (புனித பிரான்சிஸ் தேவாலயத்தை ஒட்டியது, சுவரெல்லாம் மனித எலும்புகள்) காலை திறந்ததும் போய்விடுங்கள். லிஸ்பன் பேருந்துகள் வந்துவிட்டால் அந்தச் சிறிய அறையில் சுவரைப் பார்க்க முடியாது, முதுகுகளைத்தான் பார்க்கலாம். "இங்கிருக்கும் எலும்புகளாகிய நாங்கள் உங்களுடையவற்றுக்காகக் காத்திருக்கிறோம்" என்ற வாசல் வரியைத் தனியாக நின்று படிக்க வேண்டும்.

தெற்குவாசல்
டயானா விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நகரத்துக்குள் ஒரே இடம் என்றால் நான் கானு தெருவைச் சொல்வேன். 1530களில் பிரான்சிஸ்கோ த அர்ரூடா கட்டிய நீர்ப்பாலத்தின் வளைவுகளுக்குள்ளேயே வீடு கட்டி இன்னும் குடியிருக்கிறார்கள். வடக்கே போகப் போக வளைவு உயர்ந்துகொண்டே போகும். மதில் தாண்டி நடந்தால்தான் முழு உயரம் தெரியும்.

வெயில்காலம்
ஊருக்கு வெளியே இருக்கும் அல்மென்த்ரெஸ் கல்வட்டத்தை (வரலாற்றுக்கு முந்தைய காலத்தில் நட்ட கற்கள்) யாருமே சொல்லவில்லையே! 95 கற்கள், கார்க் மரங்களுக்கு நடுவில். குவாடலூப் ஊர் தாண்டியதும் மண்பாதை. மழைக்குப் பின் சிறிய கார் சேற்றில் திணறும். பேருந்து கிடையாது, டாக்சி என்றால் காத்திருக்கச் சொல்லி முன்பே கூலி பேசுங்கள். கல்லில் செதுக்கிய வட்டங்களும் வளைகோடுகளும் சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும்: அதிகாலை அல்லது மாலை. நண்பகலில் வெறும் கல். கோடையில் 40 டிகிரி தாண்டும், அங்கே கடையும் இல்லை, குடிநீர் கையோடு வேண்டும்.

கொத்தமல்லிக்கட்டு
காட் மீன் நீர் சரிதான், அதுவும் உண்டு. ஆனால் மீன் நீர் ஊற்றினால் உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொத்தமல்லி வாசனை அடிபட்டுப்போகும்.