ஓய்வுபெற்ற படைவீரர்களின் நாள்பட்ட வலி: ஊசியும் பயிற்சியும்

மண்டபம், படைவீரரின் மகள்:
சியாச்சினில் பணியாற்றி நாயக்காக ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கு இடுப்பிலிருந்து இடது கால்வரை இறங்கும் வலி பல ஆண்டுகளாக உண்டு. அக்குபங்சர் மருத்துவர் அவர் காதில் சிறிய ஊசி ஒன்றைப் பதித்துவிட்டு, “எழுந்து நடங்க ஐயா” என்றார். நடந்து திரும்பியதும் அடுத்த ஊசி, மறுபடியும் நடை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு அப்பா கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசல்வரை தனியாகப் போய்வந்தபோது அவர் முகத்தில் தெரிந்த திகைப்பு என் கண்ணைவிட்டு அகலவில்லை. சில நாள்களில் ஊசிகள் தாமே உதிர்ந்தன, வலியும் திரும்பியது. வலி தணிந்திருந்த அந்த இடைவெளியிலேயே பிசியோதெரபி பயிற்சிகளைத் தொடங்க வேண்டும் என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

தேவிபட்டினம், ஓய்வுபெற்ற ஹவில்தார்:
சகோதரி, அது 2001இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ரிச்சர்ட் நீம்சோவ் உருவாக்கிய முறை. காதின் ஐந்து புள்ளிகளில் ஊசி இடுவார்கள். வலியை விரைவாகத் தணிப்பதே அதன் நோக்கம். எனக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம். ஊசி எடுத்த கையோடு கணுக்காலில் மணல்பை கட்டி, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கி நிறுத்தச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். வலிக்குப் பயந்து பயன்படுத்தாமல் விட்டிருந்த தொடைத் தசை நடுங்கியதே தவிர, மூட்டு வலிக்கவில்லை. இப்போது தினமும் கடற்கரை மணலில் நடக்கிறேன், எல்லோரும் நடக்கலாம்.

தொண்டி, முன்னாள் ராணுவச் செவிலியர் உதவியாளர்:
ஹவில்தார் ஐயா சொன்ன கடைசி வரியை நான் ஏற்கவில்லை. உலர்ந்த மணலில் கால் புதையும்போது தேய்ந்த மூட்டுக்கும் கணுக்காலுக்கும் சுமை கூடுகிறது. அலை நனைத்து இறுகிய மணலோ சமமான சாலையோ தொடக்கத்திற்கு நல்லது. என் தோள்வலி ஊசியாலும் பயிற்சியாலும் பெருமளவு குறைந்தது. அதைவிட இங்கே சொல்ல வேண்டியவை வேறு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்கள் ஊசிக்கு முன்பே அதைத் தெரிவிக்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு மணலில் இறங்கவே கூடாது, ஏனெனில் சிப்பி கிழித்தாலும் தெரியாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியின் உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கிறார்களா என்று பாருங்கள். பயிற்சிக்கான பரிந்துரையை ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் கேளுங்கள். சகோதரி, அப்பாவுக்குக் காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, ஊசியையும் பயிற்சியையும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.