ஈ-கேட்ஹெரின் பூசிய தட்டில் செல்கள் ஒட்டவே மாட்டேன்கிறது

மூன்று வாரமாக இதிலேயே நிற்கிறேன். ஈ-கேட்ஹெரின் என்பது செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம். மனித ஈ-கேட்ஹெரின் எஃப்சி (ஆன்டிபாடியின் வால் பகுதியோடு இணைத்தது) மறுசேர்க்கைப் புரதத்தை 96 குழித் தட்டில் பூசி எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய்ச் செல்களை விடுகிறேன். முதல் கழுவலிலேயே முக்கால்வாசி போய்விடுகின்றன. பக்கத்துக் குழியில் ஃபைப்ரோநெக்டின் என்ற வேறொரு ஒட்டுப் புரதத்தின் மேல் அதே செல்கள் நன்றாக ஒட்டுகின்றன. ஆக, செல்களில் கோளாறு இல்லை.

பூச்சு மில்லிக்கு 10 மைக்ரோகிராம், 4 டிகிரியில் இரவு முழுக்க, பிறகு வெற்றிடங்களை மூட 1% பிஎஸ்ஏ (மாட்டுச் சீரப் புரதம்). கால்சியம் இல்லாமல் இந்தப் புரதம் பிடிக்காது என்பதால் ஊற்றுவது, கழுவுவது எல்லாமே கால்சியம் உள்ள ஹாங்க்ஸ் உப்புக் கரைசலில்தான். செல்களைப் பிரித்தெடுக்கும் டிரிப்சின்-ஈடிடிஏ (புரதம் வெட்டும் நொதியும் கால்சியத்தைப் பிடித்துவிடும் பொருளும் சேர்ந்தது) செல் மேலிருக்கும் கேட்ஹெரினையே நறுக்கிவிடும் என்று கால்சியம் சேர்த்த டிரிப்சினுக்கும் மாறினேன். பூசும் புரதத்தில் புதுக் குப்பியும் திறந்தாயிற்று. மாற்றமில்லை. மிச்சம் 50 மைக்ரோகிராம்தான்; கோவைக்கு மறுபடி வர ஆறு வாரம் ஆகும்.

முதலில் எஃப்சி-க்கு எதிரான ஆன்டிபாடியைப் பூசி, அதன் மேல் புரதத்தை நிறுத்தினால் பிடிப்பு கூடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.